காலை நேராகத் தூக்க முடிகிறதா?

"காலை மடக்காம, அப்படியே நேரா மேல தூக்குங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான். முயற்சி செய்தான். தொடைத்தசை இறுகுவது வெளியே தெரிந்தது, முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக மேலே நகர்ந்ததைக்கூட நான் பார்த்தேன், ஆனால் குதிகால் விரிப்பை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. டாக்டர் சில்லுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போனது. அங்கே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை என்பது எனக்கே புரிந்தது. அடிபட்டு அன்றைக்கு 26-ஆவது நாள். அதுவரை அவனைப் பார்த்த யாரும் அந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் மருத்துவன் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறவன். அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று ஒரு வருடத்துக்கு மேல் அலைந்ததில், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். முட்டி வலி என்று வந்தால் நம் ஊரில் இரண்டே பதில்தான். வயதானவர் என்றால் "தேய்மானம்", இளையவர் என்றால் "ஜவ்வு". இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று, சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் நாண், முட்டிக்கு முன்னாலேயே, தோலுக்கு அடியிலேயே, தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. அது அறுந்தால் மனிதன் படி ஏற முடியாது, அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அண்ணனுக்கு 36 வயது. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்கு வாலிபால் ஆடுவது எங்கள் அப்பா காலத்திலிருந்தே உண்டு, அண்ணன் பத்தாவது படிக்கும்போதிருந்து நெட்டுக்கு முன்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கிறவன். அந்த வருடமும் எகிறி அடித்தான், பந்து கோட்டுக்குள் விழுந்தது, இறங்கி இடதுகாலை ஊன்றியபோது 'பட்'டென்று ஒரு சத்தம். வெளியே நின்ற எனக்கே கேட்டது. யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்றுதான் அவன் முதலில் நினைத்தானாம். அரை மணி நேரத்தில் முட்டி இளநீர் அளவுக்கு வீங்கிவிட்டது.

அப்புறம் நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சுளுக்கு எடுப்பவரைக் கூட்டி வந்தார்கள். எண்ணெய் போட்டு நீவினார், முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துத் துணியில் தடவிக் கட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிசகிய விரலையும் மடங்கிய கணுக்காலையும் எத்தனையோ பேருக்குச் சரிசெய்து கொடுத்தவர் அவர். ஆனால் அறுந்த நாணை நீவினால் என்ன ஆகும்? வீக்கம் கொஞ்சம் வடியும், வலியும் குறையும், அதனால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று எல்லாரும் நம்புவோம். ஒன்பது நாள் அப்படிப் போனது. பிறகு டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பு உடையல, ஜவ்வு அடி வாங்கியிருக்கு, மூணு வாரம் ரெஸ்ட் எடுத்தா போதும்" என்றார்கள். நிம்மதியாகத் திரும்பினோம். அண்ணன் தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து வைத்து, சமதரையில் நடக்கவும் செய்தான். திண்ணையிலிருந்து இறங்கும்போது இரண்டு தடவை கால் மடிந்து விழுந்தான். அந்த இரண்டாவது விழுகைக்குப் பிறகுதான் மதுரைக்குக் கிளம்பினோம்.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. மதுரை டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. நாங்கள் கையில் கொண்டுபோன பழைய படத்தையே வெளிச்சத்தில் மாட்டி, ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். பக்கவாட்டுப் படத்தில் சில்லின் நீளம் எவ்வளவு, சில்லின் கீழ்முனையிலிருந்து கீழ்க்கால் எலும்பின் மேடு வரை எவ்வளவு என்று பார்ப்பார்களாம். இன்சால், சால்வாட்டி என்ற இருவர் 1971-இல் வெளியிட்ட கணக்கு இது. நல்ல முட்டியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். நாணின் நீளம் சில்லின் நீளத்தைப் போல 1.2 மடங்கைத் தாண்டினால் சில்லு மேலே ஏறியிருக்கிறது என்று பொருள், 0.8-க்குக் கீழே போனால் கீழே இறங்கியிருக்கிறது. அண்ணனுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். நாண் எக்ஸ்ரேயில் எலும்பு போலத் தெளிவாகத் தெரியாது, சரி. ஆனால் அது பிடித்து வைத்திருக்கும் எலும்பு எங்கே நிற்கிறது என்பது தெரியும். விடை அந்தக் காகித உறைக்குள் எங்கள் வீட்டு பீரோ மேலேயே கிடந்திருக்கிறது.

இதைப் படிக்கிற நீங்கள் இப்போதே உங்கள் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தளர்வாக விடுங்கள். முட்டிக்கு மேல் வட்டமாக ஒரு எலும்பு, இடமும் வலமும் லேசாக ஆடும், அதுதான் சில்லு. அதன் கீழ்முனையிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே போனால் கீழ்க்கால் எலும்பின் தலைப்பில் ஒரு மேடு தட்டுப்படும். சில்லுக்கும் மேட்டுக்கும் நடுவே பட்டையாக ஒன்று ஓடும். இப்போது முட்டியை மடக்குங்கள், அந்தப் பட்டை விறைத்து நிற்கும். நீளம் 4 முதல் 5 செ.மீ., அகலம் 3 செ.மீ. அளவு, கனம் அரை செ.மீ. கணக்கு. தீப்பெட்டியின் நீள அகலம் என்று வைத்துக்கொள்ளலாம், கனத்தில் அதில் பாதிகூட இருக்காது. டாக்டர்கள் பட்டெல்லா டெண்டன் என்கிறார்கள்.

தமிழில் டெண்டனுக்குத் தசைநாண் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். எனக்கு இந்தச் சொல்மேல் இப்போதுதான் மதிப்பு வந்தது. நாண் என்றால் வில்லின் நாண். தசை இழுக்கிறது, நாண் அந்த இழுப்பை எலும்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எலும்பையும் எலும்பையும் கட்டி வைப்பது தசைநார், ஊர்வழக்கில் ஜவ்வு. இந்தப் பட்டையின் விசித்திரம் என்னவென்றால் அதன் இரண்டு முனையிலும் எலும்புதான் இருக்கிறது, அதனால் பல உடற்கூறு நூல்களில் இதைத் தசைநார் வரிசையில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் வேலையைப் பார்த்தால் இது நாண்தான். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள், நான்கும் ஒன்றாகக் கூடி ஒரே நாணாகி இறங்கி வருகின்றன, வழியில் சில்லைத் தழுவிக்கொண்டு, சில்லைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பின் மேட்டில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. அதாவது நாணுக்கு நடுவே முளைத்த எலும்பு சில்லு. இப்படி நாணுக்குள் இருக்கும் எலும்புகளுக்கு மருத்துவத்தில் எள்ளைப் போன்றது என்று பொருள்படும் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், உடம்பிலேயே மிகப் பெரிய எள் இதுதான். பிறக்கும்போது இது வெறும் குருத்தெலும்பு, மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பாக மாறத் தொடங்கும்.

கிணற்றில் கப்பி இல்லாமல் வெறும் கயிற்றை விளிம்பில் வைத்துத் தண்ணீர் இழுத்துப் பார்த்தவர்களுக்குச் சில்லின் வேலை சொல்லாமலே விளங்கும். சில்லு நாணை மூட்டின் அச்சிலிருந்து முன்னால் தள்ளிப் பிடிக்கிறது, அதனால் அதே இழுப்புக்குக் காலை நீட்டும் வலு கூடுகிறது. ஆனால் கப்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கயிறு அறுந்தால் வாளி கிணற்றுக்குள்தான். மேலே தசை, நடுவே சில்லு, கீழே இந்த நாண் என்ற மூன்றில் எது விட்டுப்போனாலும் காலை நேராகத் தூக்க முடியாது. டாக்டர் அன்றைக்குச் செய்யச் சொன்னது இதற்குத்தான். சில்லு உடைந்திருந்தாலும் தூக்க முடியாது, சில்லுக்கு மேலே உள்ள தொடை நாண் அறுந்தாலும் தூக்க முடியாது, கடுமையான வீக்கமும் வலியும் இருந்தாலேகூடச் சிலரால் முடியாது. பக்கவாட்டுத் திசுக்கள் கிழியாமல் தப்பியிருந்தால் அரைகுறையாகத் தூக்கிவிடுவார்கள், கடைசிக் கொஞ்சம் நீட்ட வராது. எனவே தூக்க முடியவில்லை என்றால் நாண்தான் போயிற்று என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. ஆனால் முட்டியில் அடிபட்டு, காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால் நீவக் கூடாது, காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே நாணின் அறுப்பு தெரிந்துவிடும்.

இந்தத் தீப்பெட்டி அளவுப் பட்டை எவ்வளவு தாங்கும்? 1977-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. 82.5 கிலோ எடையுள்ள ஒரு பளுதூக்கும் வீரருக்குப் போட்டியின்போதே இந்த நாண் அறுந்தது, தற்செயலாக அந்த நொடி படச்சுருளில் பதிவாகியிருந்தது. படத்தைச் சட்டகம் சட்டகமாக ஓட்டிக் கணக்கிட்டதில், அறுந்த நேரத்தில் நாணில் இருந்த இழுவிசை அவருடைய உடல் எடையைப் போல ஏறக்குறைய 17.5 மடங்கு என்று வந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை டன். இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தேகம், அண்ணன் ஒன்றும் அவ்வளவு எடையைத் தூக்கவில்லையே, எகிறிக் குதித்துத்தானே இறங்கினான் என்பது.

பதில் வேறொரு ஆய்வில் கிடைத்தது. கன்னஸ், யோசா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தானாக அறுந்த நாண்களிலிருந்து எடுத்த திசுக்களை 891 பேரிடமிருந்து சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்து 1991-இல் எழுதினார்கள். உடம்பின் பல இடத்து நாண்களும் அதில் உண்டு. அறுந்தவற்றில் 97 விழுக்காட்டில், அறுவதற்கு முன்பே சிதைவு தொடங்கியிருந்தது. நல்ல நாண் அறுவது அபூர்வம், நைந்துபோன நாண்தான் அறுகிறது. அண்ணனுக்கு ஐந்தாறு வருடமாகவே சில்லின் கீழ்முனையில் வலி இருந்தது. ஆடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் போய்விடும், மறுநாள் காலையில் படி இறங்கும்போது திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் வலிக்கும். இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, குதிப்பவர் முட்டி. பிளசினா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1973-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். நார்வேயில் முதல்தர ஆட்டக்காரர்களைப் பரிசோதித்து 2005-இல் எழுதியபோது வாலிபால் ஆடுபவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்கும், கூடைப்பந்து ஆடுபவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் இது இருந்தது. எங்கள் ஊர் மைதானத்தில் எத்தனை பேர் முட்டிக்கு நீலநிற உறை மாட்டிக்கொண்டு ஆடினார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

வெகுகாலம் இதை அழற்சி என்றே எண்ணி, வீக்கத்துக்கான மாத்திரையும் ஓய்வும் கொடுத்திருக்கிறார்கள். திசுவை வெட்டிப் பார்த்தால் அழற்சிக்கான அணுக்கள் அங்கே பெரும்பாலும் இல்லை. நாண் என்பது கொல்லாஜன் என்ற புரத இழைகளை நெருக்கமாக, ஒரே திசையில் முறுக்கியது போன்ற ஒன்று, தேங்காய் நார்க் கயிற்றைப் போல. நோய்ப்பட்ட இடத்தில் அந்த இழைகள் திசை தவறிக் குழம்பிக் கிடக்கும், நடுவே தேவையில்லாத சிறு ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். நாணுக்கு ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு, அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் குறைவு. இதை நிரூபித்த விதம் என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. 1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததால் காற்றில் ஒருவகைக் கார்பனின் அளவு திடீரென்று ஏறி இறங்கியது, அந்தக் காலத்தில் உருவான திசுவில் அதன் தடயம் தங்கிவிட்டது. அதை வைத்து டென்மார்க்கில் குதிகால் நாணை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். நாணின் நடுப்பகுதி, ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானதோடு சரி, அதற்குப் பிறகு அது மாற்றப்படுவதே இல்லை என்று தெரிந்தது. குதிகாலில் இருப்பதும் முட்டியில் இருப்பதும் ஒரே மாதிரித் திசுதான். பத்தாவது படிக்கும்போது அண்ணன் முட்டிக்குள் இருந்த அதே கயிறுதான் 36 வயது வரை அவனைத் தூக்கி எறிந்துகொண்டிருந்திருக்கும் என்று தோன்றும்.

வலிக்காக அவன் ஒரு கிளினிக்கில் இரண்டு முறை முட்டியில் ஊசி போட்டுக்கொண்டான். ஸ்டீராய்டு ஊசி. போட்ட ஒரு மாதம் வலியே இல்லை, அதனால் இன்னும் எகிறி ஆடினான். அந்த ஊசியால்தான் அறுந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நாணுக்குள்ளோ அதன் பக்கத்திலோ ஸ்டீராய்டு போடுவது அதைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட எச்சரிக்கை. டென்மார்க்கிலேயே 2009-இல் வந்த ஒரு ஆய்வில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, சிலருக்குச் சரிவுப் பலகையில் நின்று ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கும் பயிற்சி, சிலருக்குக் கனமான எடையை மிக மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி. 12 வாரத்தில் மூன்று கூட்டத்தாருக்குமே தேறியது. அரையாண்டு கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பிவிட்டது, மெதுவாக எடை தூக்கியவர்களுக்கு நன்றாக இருந்தது. நாணுக்கு மருந்து பாரம்தான். ஓய்வு வலியை ஆற்றும், நாணை ஆற்றாது. ஆனால் அந்தப் பாரம் மெதுவாக, அளவாக, மாதக்கணக்கில் கொடுக்கப்பட வேண்டும். இதை அண்ணனிடம் ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் நாண் அறுவதற்கும் தொடர்பு உண்டு, பெரும்பாலும் குதிகால் நாண். அமெரிக்காவில் 2008-இல் அந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இது, தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனுக்கு அறுவை சிகிச்சை செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தாமதத்தின் விலை அங்கேதான் தெரிந்தது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் போயிருந்தால் அறுந்த நாணைப் பிடித்து, கெட்டியான நூலால் பின்னல் தையல் போட்டு, சில்லில் நீளவாக்கில் துளை போட்டு அதன் வழியாக நூலை மேலே இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவார்களாம். 26 நாளில் தொடைத்தசை சில்லை இழுத்துக்கொண்டு சுருங்கிவிட்டது, அறுந்த முனைகள் குழைந்து வடுவாகிவிட்டன. சில்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டதையெல்லாம் விடுவித்து அதைப் பழைய இடத்துக்கு இறக்கவே நெடுநேரம் ஆனதாம். அப்புறம் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, சில்லுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் குறுக்காகக் கோத்து வலுவூட்டி, அது ஒட்டும் வரை தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பியையும் வளையமாகப் போட்டார்கள். அந்தக் கம்பியை எடுக்கப் பிறகு இன்னொரு சிறிய ஆபரேஷன்.

படுக்கையில் கிடந்தபோது அவனுக்கு நான் படித்துக் காட்டியது பிரேசில் ரொனால்டோவின் கதை. 1999 நவம்பர் 21, இத்தாலியில் லெச்சே அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வலது முட்டியில் இதே நாண் பாதி கிழிந்தது. ஆபரேஷன் ஆகி, 2000 ஏப்ரல் 12 அன்று லாட்சியோவுக்கு எதிரான கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆறேழு நிமிடம்தான். பந்தோடு ஓடி எதிராளி முன்னால் காலை மாற்றி வைத்தபோது யாரும் தொடாமலே விழுந்தார், இந்த முறை நாண் முழுவதுமாக அறுந்துவிட்டது. பாரிஸில் ஜெரார் சாயான் என்ற மருத்துவர் மறுபடி அறுவை சிகிச்சை செய்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு போட்டி எதுவும் இல்லை. 2002 உலகக் கோப்பையில் 8 கோல், ஜூன் 30-ஆம் தேதி யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தின் இரண்டு கோலும் அவருடையது. அண்ணன் அந்த ஆட்டத்தைப் பள்ளிக்கூட நாளில் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தவன், அந்த முட்டியின் கதை அவனுக்கு அப்போது தெரியாது. கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தடவை ஆச்சா அவருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அதே மாதங்களில் இந்த நாண் வேறு இடங்களிலும் எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பாதம் மரத்துப்போகிறது என்று நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரப்பர் சுத்தியலால் சில்லுக்குக் கீழே, அதே நாணில்தான், தட்டினார். அம்மாவின் கால் அசையவில்லை. "ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்து இழுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினார், இந்த முறை கால் முன்னால் துள்ளியது. ஹங்கேரி மருத்துவர் யென்றாசிக் 1885-இல் எழுதிய உத்தி அது. முட்டியில் தட்டினால் கால் துள்ளுவதை வெஸ்ட்பால், எர்ப் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமலே கவனித்து, 1875-இல் ஒரே இதழில் எழுதியிருக்கிறார்கள். சுத்தியல் தட்டும்போது நாண் மிகச் சிறிதாக இழுபடுகிறது, அது தொடைத்தசையை இழுக்கிறது, தசைக்குள் இருக்கும் இழுப்பை உணரும் உறுப்பு அந்தச் செய்தியை முதுகுத்தண்டுக்கு அனுப்புகிறது. இடுப்புப் பகுதியின் இரண்டு முதல் நான்காம் நரம்புகள் வரை உள்ள இடத்திலிருந்து, மூளையைக் கேட்காமலே, தசைக்குச் 'சுருங்கு' என்று கட்டளை வந்துவிடுகிறது. துள்ளல் இல்லை என்றால் அந்த வழியில் எங்கோ நரம்பு பழுதாகியிருக்கலாம், அளவுக்கு மீறித் துள்ளினால் மேலே முதுகுத்தண்டிலோ மூளையிலோ கோளாறு இருக்கலாம். சர்க்கரையில் பெரும்பாலும் கணுக்கால் துள்ளல்தான் முதலில் போகும், அம்மாவுக்கும் அது இல்லை, முட்டி மட்டும் மிச்சம் இருந்தது. மருந்தை மாற்றி எழுதினார், செருப்பையும் மாற்றச் சொன்னார்.

எங்கள் சித்தப்பா மகன் கபடி ஆடுகிறவன், மூட்டுக்குள் உள்ள ஜவ்வு கிழிந்து ஆபரேஷனுக்குப் போனான். அந்த ஜவ்வை மாற்றிக் கட்ட உலகமெங்கும் பயன்படுத்தும் கயிறுகளில் ஒன்று இந்த நாண்தான். நடுவில் மூன்றில் ஒரு பங்கை, 10 மி.மீ. அகலத்துக்கு, மேலே சில்லிலிருந்து ஒரு துண்டு எலும்பும் கீழே மேட்டிலிருந்து ஒரு துண்டு எலும்பும் சேர்த்து எடுப்பார்கள். கென்னத் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் இந்த நாணின் நடுப்பகுதியை இதற்குப் பயன்படுத்தி எழுதினார். எலும்பு எலும்போடு ஒட்டும் என்பதால் பிடிப்பு சீக்கிரம் வரும், உறுதியும் அதிகம். குறை என்னவென்றால் பிற்பாடு மண்டியிட்டால் வலிக்கும். தம்பி டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்கிறவன், நாள் முழுக்க முட்டியில் நிற்க வேண்டும். டாக்டர் முதலில் கேட்டதே "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றுதான். அதைக் கேட்டதும் தொடைக்குப் பின்னாலிருந்து நாண் எடுக்க முடிவு செய்தார். தரையில் உட்கார்ந்து சாப்பிடும், மண்டியிட்டுத் தொழும், குந்தி வேலை செய்யும் ஜனங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம்.

அக்கா மகனுக்கு 13 வயது, ஓடினால் முட்டிக்குக் கீழே மேடு வலிக்கிறது, வீங்கியும் இருக்கிறது என்று அழுதான். அண்ணன் கதையால் வீடே பயந்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு அந்த மேடு முழுதாக எலும்பாகி ஒட்டியிருக்காது, நாண் அதை இழுத்து இழுத்து நோகடிக்கும். ஆஸ்குட் பாஸ்டனிலும் ஷ்லாட்டர் ஜூரிச்சிலுமாகத் தனித்தனியே 1903-இல் எழுதியது. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால், வளர்ச்சி முடியும்போது வலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் பக்கத்து அறையில் செயற்கைக் கால் பொருத்துவார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு லாரி டிரைவரோடு அண்ணனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவருடைய செயற்கைக் காலின் குழிவுக்குள் முன்பக்கம் ஒரு சிறு புடைப்பு இருந்தது. அது எதற்கு என்று கேட்டதற்கு அவர் தன் சில்லுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். வெட்டுப்பட்ட காலின் நுனியால் உடம்பு எடையைத் தாங்க முடியாது, தோல் கிழிந்துவிடும். அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் இடங்களில் முதன்மையானது இந்த நாண். அதன்மேல் பாரத்தை ஏற்றும்படி குழிவை வடிவமைக்கும் முறை 1950-களின் இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. சார்மியெந்தோ என்ற எலும்பு மருத்துவர் அதைப் பார்த்து 1967-இல் கீழ்க்கால் எலும்பு முறிவுக்கு அதே வடிவில் மாவுக்கட்டு போட்டு நோயாளிகளை நடக்க வைத்தார். அந்த டிரைவர் அந்தக் காலோடு மொபெட் ஓட்டி வருவார். அண்ணனிடம், "உன்னுது அறுந்துச்சு, எனக்கு அது ஒண்ணுதான்யா மிச்சம்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம், காலை நேராகப் பூட்டி வைக்கும் பிரேஸ். பூட்டிய நிலையிலேயே ஊன்றி நடக்கலாம், படுத்திருக்கும்போது மட்டும் 30 டிகிரி, 45, 60 என்று மடக்கும் அளவைப் பூட்டின் முள்ளைத் திருகித் திருகிக் கூட்டுவார்கள். வீட்டில் முதன்முதலாகக் காலை நேராகத் தூக்கியது ஒன்பதாவது வாரம். நாலு விரற்கடை உயரம்தான், கீழே இறக்கும்போது நடுங்கியது. அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். அதற்கப்புறம் பலகையில் முதுகைச் சாய்த்து உட்காரும் பயிற்சி, அரை அடி உயரப் பலகையில் ஏறி இறங்குவது, மணல் மூட்டையைக் காலில் கட்டி மெதுவாக நீட்டுவது. ஏறுவதற்கு மூன்று எண்ணிக்கை, இறங்குவதற்கு மூன்று எண்ணிக்கை. வேகமாகச் செய்தால் பிசியோ அம்மா திட்டுவார், நானும் எண்ணிக்கொண்டே பக்கத்தில் நிற்பேன். சில வாரங்கள் ஒரு முன்னேற்றமும் தெரியாது. சில வாரங்கள் பின்னுக்குப் போகும்.

தேறுகிறதா என்று பார்க்கப் பிசியோ அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். அம்மாவின் தையல் மெஷின் டப்பாவில் இருக்கும் டேப்தான். பிரேஸைக் கழற்றிய வாரம் இடது தொடை வலதைவிட 5 செ.மீ. குறைவு, பார்க்கவே வேறு யாருடைய காலோ போல இருந்தது. நான்காம் மாதம் 4. எட்டாம் மாதம் 3. வருடம் திரும்பியபோது 2. சம்மணம் போட்டு உட்காருகிறான், மண்டியிட இன்னும் முடியவில்லை, ஆடுவதில்லை, பொங்கலுக்கு நடுவர் மேடையில் ஏறி உட்கார்ந்து விசில் ஊதினான்.

போன ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். ஒன்றரை. அண்ணன் நம்பாமல் டேப்பை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தான்.